முப்பத்தொன்றாம் அடுக்கு

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. எண்ணில் எழுதினால் 214,74,83,647. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் இதை மீதியில்லாமல் வகுக்க முடியாது. புத்தகத்தில் படித்ததை ஒப்பிக்கவில்லை. கல்லூரியில் படிக்கும்போது, ராசிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து நானே பென்சிலால் போட்டுப் பார்த்து முடிவுக்கு வந்த கணக்கு இது. அதற்குப் பிறகு எத்தனையோ கணக்குகளைப் படித்தேன், சொல்லியும் கொடுத்தேன். என்னுடையது என்று நான் உரிமை கொண்டாடுவது இந்த ஒன்றைத்தான்.

அது 1987. ராசிபுரம் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டம் ஆவதற்கு இன்னும் பத்து வருஷம் இருந்தது. ஆண்டகளூர்கேட்டில் உள்ள திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரியில் நான் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். ராமானுஜன் நூற்றாண்டு என்பதால் அந்த வருஷம் பத்திரிகையைத் திறந்தால் அவர் படம், ரேடியோவைத் திருப்பினால் அவர் பேச்சு. அவர் வளர்ந்தது கும்பகோணம் என்றாலும் 1887 டிசம்பர் 22-இல் பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில். திருச்செங்கோடு வழியாகப் பஸ் ஏறினால் வந்துவிடும் ஈரோடு. அதனால் எங்களுக்கு அவர் பக்கத்து ஊர்க்காரர். எங்கள் தெருவில் கணக்கே தெரியாதவர்கள்கூட அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள்.

எண்ணியல் எடுத்த சார் அதிகம் பேசமாட்டார். ஒருநாள் வகுப்புக்கு வந்ததும் கரும்பலகையில் 3, 7, 31, 127 என்று எழுதினார். 2-ஐ இரண்டு முறை, மூன்று முறை, ஐந்து முறை, ஏழு முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண்கள். நாலும் பகா எண்கள். அடுக்காக வந்த 2, 3, 5, 7 என்பவையும் பகா எண்கள். "அடுத்த பகா எண் 11. அப்ப 2¹¹ − 1?" என்று கேட்டார். 2047. பகா எண் என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. அவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் 23 × 89 என்று எழுதினார்.

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் கண்டிப்பாகப் பகு எண். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்ணாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 13, 17, 19 மூன்றும் தேறும்; 23, 29 இரண்டும் தேறாது. பிரான்சில் மெர்சென் என்ற பாதிரியார் 1644-இல் இப்படித் தேறும் அடுக்குகள் இவை என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67-உம் 257-உம் இருந்தன, இரண்டும் தவறு. 61, 89, 107 விட்டுப்போயிருந்தன. 67-ஆம் அடுக்கு எந்த இரண்டு எண்களின் பெருக்கல் என்று 1903-இல்தான் அமெரிக்காவில் கோல் என்பவர் காட்டினார். 19,37,07,721 ஒரு காரணி, மற்றது பன்னிரண்டு இலக்கம். மேடையேறி ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பக்கத்துக் கணக்கையும் பலகையில் போட்டுக் காட்டிவிட்டு இறங்கினாராம். எங்கள் சாருக்கு அவரை ஏன் அவ்வளவு பிடித்தது என்று எனக்குப் புரிந்தது.

மெர்சென் பட்டியலில் 31 சரிதான். ஆனால் அதை நிரூபித்தது அவரல்ல, கணிதர் ஆய்லர். சக கணிதர் பெர்னூலிக்கு 1772-இல் எழுதிய கடிதத்தில் அதைச் சொல்கிறார். அப்போது ஆய்லருக்கு வயது அறுபத்தைந்து. கண்பார்வை ஏறக்குறைய முழுதும் போய்விட்டிருந்தது. பத்து இலக்க எண் ஒன்று பகா எண் என்று அந்த நிலையில் ஒருவர் எப்படித் தீர்மானித்தார்? மணி அடித்துவிட்டது. சார் ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதி முன்பெஞ்சில் வைத்தார். "லீவுல போட்டுப் பாருங்க. முடியும்" என்றார். அந்தத் தாளை எடுத்து வந்தது நான்தான்.

எங்கள் வீடு பட்டுத் தறி வீடு. அப்பா தறிக்குழியில் இறங்கினால் மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவார். அம்மாவும் நானும் ராட்டையில் தார் சுற்றுவோம். சித்தப்பா ஜக்கார்டு அட்டை அடிப்பவர். கட்டம் போட்ட தாளில் இருக்கும் பூவை வரிசை வரிசையாகப் படித்து அட்டையில் ஓட்டை போடுவது அவர் வேலை. ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதன் கொக்கி இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும், கொக்கி விலகும், இழை கீழேயே நிற்கும். ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டே குறிகளால் எந்த எண்ணையும் எழுதலாம் என்று கல்லூரியில் சொன்னபோது எனக்கு அது புதிதாகவே இல்லை. அந்த முறையில் 2³¹ − 1 என்பது வரிசையாக முப்பத்தொரு ஒன்றுகள். நடுவில் ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது. முப்பத்தொரு ஊசிக்கும் ஓட்டை அடித்த அட்டை மாதிரி.

"அப்படி ஒரு அட்டை அடிச்சா என்ன ஆகும் சித்தப்பா?" என்று கேட்டேன்.

"எல்லா இழையும் ஒரே வீச்சுல மேல போகும். அதுல பூ எங்க விழும்?" என்றார்.

பூ விழாத அந்த எண்ணில்தான் என் விடுமுறை முழுக்கப் போயிற்று.

வழக்கமான வழியில் போனால் என்ன வேலை என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு எண் பகு எண் என்றால் அதன் வர்க்கமூலத்துக்கு மிகாமல் ஒரு காரணி இருந்தாக வேண்டும். நம் எண்ணின் வர்க்கமூலம் 46,340-ஐத் தாண்டிக் கொஞ்சம். அதற்குள் இருக்கும் பகா எண்கள் ஏறக்குறைய 4,800. பத்து இலக்க எண்ணை அத்தனை எண்களாலும் வகுப்பது ஆகிற காரியமில்லை. சாரின் துண்டுத் தாளில் இருந்த இரண்டு வரி அந்த வேலையைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்துவிட்டது. ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு வகுத்தலைவிட அதிக நாள் பிடித்தது.

ஒரு சின்ன எண்ணில் சொல்கிறேன். 23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போங்கள். 23-ஐத் தாண்டினால் 23-ஐக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1, 2, 4, 8, 16. அடுத்தது 32, 23 போக 9. பிறகு 18. பிறகு 36, 23 போக 13. பிறகு 3, 6, 12. அடுத்தது 24, 23 போக 1. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். பதினோரு முறை இரட்டித்திருக்கிறோம். அதாவது 2¹¹-ஐ 23-ஆல் வகுத்தால் மீதி 1. ஒன்றைக் கழித்தால் மீதியே இல்லை. 2047 ஏன் 23-ஆல் வகுபடுகிறது என்பதை இப்போது கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணை எடுத்தாலும் இந்தச் சுற்று நிச்சயம் ஒன்றுக்குத் திரும்பும். எத்தனை அடியில் என்பது அந்தப் பகா எண்ணைப் பொறுத்தது. ஆனால் அந்த அடிகளின் எண்ணிக்கை, பகா எண்ணில் ஒன்று குறைந்த எண்ணை எப்போதும் மீதியில்லாமல் வகுக்கும். இது பெர்மா என்ற கணிதர் 1640-லேயே சொன்னதிலிருந்து வருவது. 23-க்கு 11 அடி, 22-ஐ 11 வகுக்கிறது. சரி, நம் எண்ணை ஏதோ ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதன் கீழ் இரட்டிக்கும் சுற்று 31 அடியில் ஒன்றுக்குத் திரும்ப வேண்டும். அதைவிடக் குறைந்த அடியில் திரும்பியிருக்குமா என்றால், 31-ஐ வகுக்கும் எண்ணிக்கையில்தான் திரும்ப முடியும். 31 பகா எண், அதனால் அதற்கு வழியில்லை. ஆக, அந்தக் காரணியில் ஒன்றைக் கழித்தால் 31-இன் மடங்கு. காரணி ஒற்றைப்படை என்பதால் 62-இன் மடங்கு. ஒரே வீச்சில் இத்தனை எண்கள் விலகிப் போகின்றன! அடுக்கே பகா எண்ணாக இருப்பது எங்கே வேலை செய்கிறது என்று இந்த இடத்தில் தெரிந்தபோது எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். தூரத்தில் போதமலை தெரிந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆளில்லை.

இரண்டாவது வரி இன்னும் அழகு. 2³¹-இன் மீதி 1 என்றால் 2³²-இன் மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது அந்தக் காரணியின் கீழ் 2 என்ற எண்ணே ஒரு வர்க்கமாக இருக்க வேண்டும். அப்படி இருக்கும் பகா எண்களை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும். இரண்டு நிபந்தனையையும் சேர்த்தால், காரணி என்று ஒன்று இருந்தால் அது 248-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவோ 63 கூட்டியதாகவோதான் இருக்க முடியும். 46,340-க்குள் அப்படிப்பட்ட எண்கள், 63-ஐ விட்டால், 372. அதிலும் 3, 5, 7 என்று வெளிப்படையாக வகுபடுபவற்றையெல்லாம் தள்ளிவிட்டால் உண்மையான பகா எண்கள் நூற்றுக்கும் குறைவு.

நாலாயிரத்து எண்ணூறு எங்கே, நூறு எங்கே! யோசனை இத்தனை உழைப்பைக் குறைக்கும் என்பதை அதற்குமுன் நான் நேரில் கண்டதில்லை.

வகுத்தலிலும் ஒரு சுலபம் கிடைத்தது. பத்து இலக்க எண்ணைத் தொடவே வேண்டாம். 2¹⁶ என்பது 65,536. அதைக் காரணியால் வகுத்து மீதியை எடு. அந்த மீதியை வர்க்கமாக்கு. மறுபடி வகு. மீதி 2 வந்தால் காரணி, வராவிட்டால் இல்லை. பட்டியலில் முதல் பகா எண் 311. 65,536-ஐ வகுத்தால் மீதி 226. அதன் வர்க்கம் 51,076. மறுபடி 311-ஆல் வகுத்தால் மீதி 72. இல்லை. அடுத்த பகா எண் 1303. மீதி 386, வர்க்கம் 1,48,996, மறுபடி மீதி 454. இல்லை. இப்படியே ஒவ்வொன்றாக, பழைய கூலிக் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில். ராட்டையில் கை சுற்றிக்கொண்டிருக்கும்போது மனதுக்குள் வர்க்கம் போடுவேன். தார் நிரம்பியதும் எழுதுவேன்.

அப்பா சில நாள் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, பரிட்சையா?" என்றார்.

"இல்லப்பா. ஒரு கணக்கு. ஒரு எண் எதாலயும் வகுபடாதுன்னு காட்டணும்."

"வகுபட்டுட்டா?"

"அன்னைக்கே நிறுத்திடுவேன்."

"படலைன்னா?"

"கடைசி வரைக்கும் போட்டுப் பாக்கணும்."

நாடாவை வீசிக்கொண்டே, "அப்ப படாம இருக்கறதுதான் பெரிய வேலை" என்றார். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் அவர். ஒன்றைப் பகு எண் என்று காட்ட ஒரே ஒரு காரணி போதும், பகா எண் என்று காட்ட எல்லாவற்றையும் விலக்கியாக வேண்டும் என்பதை அவரைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

பட்டியலின் கடைசிப் பகா எண் 45,943. அதற்குமேல் இரண்டே எண்கள். 46,191 மூன்றால் வகுபடும். 46,129 பார்வைக்குப் பகா எண் போலவே இருக்கும், ஆனால் 163 × 283. எனவே 45,943-தான் முடிவு. 65,536-இலிருந்து அதைக் கழித்தால் 19,593. வர்க்கம் 38,38,85,649. மறுபடி வகுத்தால் மீதி 31,884. இரண்டு அல்ல. முடிந்தது. இருநூறு வருஷத்துக்கு முன்பு பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஆய்லருக்குத் தெரிந்தது இப்போது ராசிபுரத்தில் எனக்கும் தெரியும். இன்னொருவர் வார்த்தையை நம்பி அல்ல, அதே வழியில் நடந்து போய். அந்தச் சந்தோஷம் எப்படிப்பட்டது என்று விளக்க என்னிடம் வார்த்தை இல்லை, அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஆய்லரின் இந்த எண் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக, மனிதர்கள் அறிந்த பகா எண்களிலேயே பெரியதாக இருந்தது. இதை 2³⁰-ஆல் பெருக்கினால் ஒரு நிறைவெண் கிடைக்கும். தன்னைவிடச் சிறிய காரணிகளையெல்லாம் கூட்டினால் தானே வரும் எண், 6, 28 போல. யூக்ளிட் காலத்து விதி அது. 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனில்லாத வேடிக்கைக்காக யார் இவ்வளவு பாடுபடுவார் என்ற கருத்தில் எழுதிவைத்தார். 1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் 127-ஆம் அடுக்கையே நிரூபித்தார், முப்பத்தொன்பது இலக்கம். பாடுபட ஆள் எப்போதும் இருக்கிறார்கள்.

விடுமுறை முடிந்து நோட்டைக் காட்டியபோது சார் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பாராட்டவில்லை. நூலகத்திலிருந்து ராமானுஜன் கட்டுரைத் தொகுப்பை எடுத்து வந்து, அவர் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் 1913-இல் வாசகர்களுக்குப் போட்ட ஒரு கேள்வியைக் காட்டினார். 2-இன் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் எப்போது வர்க்கம் வரும்? 8 − 7 = 1. 16 − 7 = 9. 32 − 7 = 25. 128 − 7 = 121. அதற்கப்புறம் ஒரு நீண்ட தாவல்: 15-ஆம் அடுக்கு, 32,768 − 7 = 32,761. அது 181-இன் வர்க்கம். இந்த ஐந்தையும் தவிர வேறு இல்லை என்பது ராமானுஜனின் எண்ணம். அதை 1948-இல் நார்வேக்காரர் நேகல் நிரூபித்தார். "இதுக்கும் உன் எண்ணுக்கும் சம்பந்தம் இருக்கு, பாரு" என்றார் சார். இருந்தது. 2-இன் அடுக்கில் ஒன்றைக் கழித்த எண்களில் எவை முக்கோண எண்களாகவும் இருக்கும் என்று கேட்டால் அது ராமானுஜன் கேள்விதான், வேறு உருவத்தில். பூஜ்யத்தை விட்டால் விடை 1, 3, 15, 4095 மட்டும். ஒன்று முதல் 90 வரை கூட்டிப் பாருங்கள், 4095 வரும். ஈரோட்டுக்காரர் என் முப்பத்தொன்றாம் அடுக்கின் தெருவிலேயே நடந்து போயிருக்கிறார் என்று தெரிந்த அன்று, நூற்றாண்டு விழாப் பேச்சுகள் எதிலும் கிடைக்காத நெருக்கம் அவரோடு எனக்கு வந்தது.

படிப்பு முடிந்து சில வருஷம் கழித்து சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சி மொழி கற்றுக்கொண்டேன். எந்த வகை மாறியில் எவ்வளவு பெரிய எண்ணை வைக்கலாம் என்று பாடப் புத்தகத்தில் ஓர் அட்டவணை. அதன் இரண்டாம் வரியில் 2147483647. காற்புள்ளிகூட இல்லாமல் இருந்தாலும் பார்த்த கணமே அடையாளம் தெரிந்தது. குறியைக் காட்ட ஒன்று போக முப்பத்தொரு இடம், எல்லாவற்றிலும் ஒன்று. அதற்குமேல் ஒன்றைக் கூட்டினால் எதிர்க்குறி விழுந்து −2147483648 ஆகிவிடும். பழைய கணினிகள் பலவும் 1970 தொடக்கத்திலிருந்து நேரத்தை விநாடிகளாக இப்படித்தான் எண்ணிவந்தன. அந்த எண்ணிக்கை நிரம்புவது 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு. அதற்குள் மாற்ற வேண்டியதை மாற்றத்தான் உலகம் முழுக்க வேலை நடக்கிறது.

ஆனால் அங்கே இந்த எண் பகா எண் என்பதற்கு வேலையில்லை, அளவுக்குத்தான் வேலை. பகாத் தன்மைக்கு வேலை வந்த இடம் வேறு. எதேச்சையாக வருவது போன்ற எண்களைக் கணினி உண்டாக்க வேண்டுமென்றால் ஒரு வழி: ஒன்றில் தொடங்கு, 16,807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகுத்து மீதியை வை, மறுபடி பெருக்கு. 1, 16807, 282475249, 1622650073 என்று ஓடும். 1969-இல் ஐபிஎம் கணினிகளுக்காக எழுதப்பட்ட முறை. 1988-இல் பார்க், மில்லர் என்ற இருவர், எந்த மென்பொருளிலும் குறைந்தது இந்தத் தரமாவது இருக்க வேண்டும் என்று வாதிட்டு எழுதினார்கள். 16,807 என்பது 7-இன் ஐந்தாம் அடுக்கு. நம் எண்ணின் கீழ் 2-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் முப்பத்தொரு அடியில் சுற்று முடிந்துவிடும். 7-ஆல் பெருக்கினாலோ, 16,807-ஆல் பெருக்கினாலோ, பூஜ்யத்தைத் தவிர அத்தனை மீதிகளையும், 214 கோடிக்கும் மேற்பட்டவற்றை, ஒன்றுவிடாமல் தொட்டுவிட்டுத்தான் ஒன்றுக்குத் திரும்பும். பகு எண்ணின் கீழ் இது நடக்கவே நடக்காது. தார் சுற்றிக்கொண்டே 23-இன் கீழ் நான் போட்ட அந்தச் சின்னச் சுற்று இவ்வளவு பெரிதாக வளர்ந்து எங்கோ வேலை செய்கிறது என்று படித்தபோது, பார்லோவுக்குக் காட்ட வேண்டும் என்றுதான் தோன்றியது.

2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியிலிருந்து ஒரு செய்தி வந்தது. மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா. பின்னவர் இருவரும் அப்போதுதான் பி.டெக். முடித்த பையன்கள். எந்த எண்ணைக் கொடுத்தாலும், அது பகா எண்ணா என்று இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மிதமாகவே கூடும் நேரத்தில், எதையும் ஊகிக்காமல் உறுதியாகச் சொல்லும் முறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதன் பெருமை புரிய ராமானுஜனின் 1729-ஐ நினைத்துக்கொள்ளலாம். இரண்டு விதமாக இரு கனங்களின் கூட்டலாக எழுத முடிகிற மிகச் சிறிய எண் என்று மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அவர் தன் கணித நண்பர் ஹார்டியிடம் சொன்ன அதே எண். அதற்கு இன்னொரு குணம் உண்டு. அது 7 × 13 × 19. ஒன்று குறைத்த 1728-ஐ 6, 12, 18 மூன்றும் வகுக்கும். அதனால், ஒரு எண்ணை 1728 முறை பெருக்கி 1729-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்க்கும் பெர்மாவின் சோதனையில், தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் 1729 பகா எண் போலவே விடை சொல்லும். இப்படிப்பட்ட எண்களுக்கு முடிவே இல்லை என்று 1994-இல் நிரூபித்தார்கள். சோதனையில் தேறுவது ஒன்று, உண்மையிலேயே பகா எண்ணாக இருப்பது வேறு. கான்பூர்க்காரர்கள் பெர்மாவின் அதே விதியைத் தனி எண்ணிலிருந்து பல்லுறுப்புக் கோவைக்கு எடுத்துச் சென்று, எந்தப் போலியும் தப்ப முடியாதபடி செய்தார்கள். முழுக் கட்டுரையும் சில பக்கம்தான். அதைத் தாளில் எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். கல்லூரிக் கணிதம் போதுமானதாக இருந்தது.

2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர், 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்த எண் பகா எண் என்று காட்டினார். இலக்கங்கள் மட்டும் 4,10,24,320. பக்கத்துக்கு மூவாயிரம் இலக்கம் என்று அச்சடித்தாலும் பதின்மூன்றாயிரம் பக்கத்தைத் தாண்டும். பல நாடுகளில் வரைகலைச் செயலிகளை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். எனக்கு அதில் வியப்பு உண்டு, ஆனால் மனம் ஒட்டவில்லை. அந்த எண்ணை இன்று உலகில் யாரும் கையால் சரிபார்த்துத் தனதாக்கிக்கொள்ள முடியாது. என் பத்து இலக்கம் மனிதக் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்து எண்களையே கொடுக்கிறேன்.

சாயங்காலம் என்னிடம் கணக்குக்கு வரும் பிள்ளைகள் மதிப்பெண் நெருக்கடியில் இருப்பவர்கள். அவர்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை 8191-ஐ எழுதிப் போடுவேன். 13-ஆம் அடுக்கு. முதலில் எல்லோரும் 3, 7, 11 என்று வகுக்கத் தொடங்குவார்கள். பிறகு இரட்டிக்கும் சுற்றைச் சொல்லித் தருவேன். காரணி 26-இன் மடங்கோடு ஒன்று, வர்க்கமூலம் 90. எனவே 27, 53, 79. எட்டால் வகுத்து மீதி 1 அல்லது 7 வருவது 79 மட்டும். 8191-ஐ 79-ஆல் வகுத்தால் மீதி 54. ஒரே ஒரு வகுத்தல், பகா எண் என்று தீர்ந்தது. அப்போது சில முகங்களில் தெரிவது எனக்குப் பழக்கமானது.

போன கோடையில் ஒரு பெண் அதோடு நிற்கவில்லை. 17-ஆம் அடுக்கைத் தானே எடுத்துக்கொண்டாள். 1,31,071. காரணியாக இருக்கக்கூடிய பகா எண்கள் 103, 137, 239. மூன்றாலும் வகுத்துப் பார்த்துவிட்டு வந்து, "மிஸ், 137-க்கும் 99 மீதி, 239-க்கும் 99 மீதி. எப்படி மிஸ் ரெண்டுக்கும் ஒண்ணா வரும்?" என்றாள். எனக்கே தெரியாத விஷயம் அது. யோசி என்றேன். மறுநாள் வந்து சொன்னாள்: இரண்டையும் பெருக்கி நாலால் பெருக்கினால் 1,30,972. அதற்குமேல் மிச்சம் இருப்பதே 99-தான். இப்போது அவள் நோட்டில் 19-ஆம் அடுக்கு இருக்கிறது, 5,24,287. 1588-இல் இத்தாலியில் கட்டால்டி இதைத் தீர்மானிக்க 724 வரையுள்ள 128 பகா எண்களையும் பார்க்க வேண்டியிருந்தது. அவளுக்கு வேண்டியது மூன்றே: 191, 457, 647. அந்த மூன்றையும் அவளே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை.